காலி இலைப் பக்கம் சாய்ந்த படகு

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பவானிக்கு மேலே, கதவணை கட்டியதால் காவிரி ஏரிபோல் அகன்று நிற்கும் இடத்தில் ஒரு சுற்றுலாப் படகில் ஏறினோம்.
2. அக்காவின் கல்யாணப் பேச்சுக்காக மாப்பிள்ளை வீட்டார் அந்தப் படகில் மதியச் சாப்பாடு கொடுத்தார்கள்.
3. பத்துப் பேர் உட்கார்ந்தோம். பதினோரு இலை போட்டார்கள்.
4. ஆளில்லாத இலைக்கு முதலில் பரிமாறினார்கள்.
5. படகு அந்த இலையின் பக்கமாகச் சாய்ந்தது.
6. எல்லோரும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை.
7. நான் பந்தியில் பாதியில் எழுந்தேன்.
8. அக்கா எழுந்தாள்.
9. படகு நிமிர்ந்தது.
10. மோர் ஊற்றினார்கள்.

நான் கோவையில் மோட்டார் பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில், சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. பம்ப் ஓடும்போது கண்ணில் பட்டதை முதலில் எழுதிவிட வேண்டும். ஏன் அப்படி ஆனது என்ற யோசனை பிறகுதான். காரணத்தை முதலில் யோசித்தவர்கள், அதற்கு ஏற்ற மாதிரியே பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதனால்தான் மேலே உள்ளதை ஒரு வார்த்தை கூட்டாமல் எழுதினேன். விவரம் இனிமேல்.

எங்கள் வீடு சோமனூரில். அப்பா சொந்தமாகக் கொஞ்சம் தறி ஓட்டுகிறார். அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுக்கு வந்த ஜாதகங்களில் பாதியை அப்பா தள்ளினார், மீதியை அக்கா தள்ளினாள். ஈரோட்டு வரன் வந்தபோதும் அப்படித்தான் முடியும் என்று நினைத்தோம். மஞ்சள் மண்டி வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்க வந்த அன்று பெரியவர்கள் நூல் விலையையும் மஞ்சள் விலையையும் பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளை அக்காவிடம் என்ன பாடம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"எட்டாவதுக்குக் கணக்குங்க."

"நான் எட்டாவதுல கணக்குலதானுங்க பெயிலு."

அக்கா சிரித்துவிட்டாள். அவர்கள் போன பிறகு, யாரும் சொல்லாமலே காப்பி டம்ளர்களை எல்லாம் கழுவி வைத்துவிட்டு என்னிடம் வந்து, "இவரே இருக்கட்டும் புள்ள" என்றாள். அவள் ஒன்று வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

ஒரு வாரம் கழித்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, ஆனால், "எங்க பெரியவன் ஒத்துக்கோணுமுங்க" என்றார். பெரிய மகன் வெளியூரில் இருக்கிறார் போல, வந்ததும் பார்த்துக்கொள்வார் என்று அப்பா நினைத்தார். எப்போது வருவார் என்றும் கேட்டுவிட்டார். 

பெரிய மகன் சில வருஷங்களுக்கு முன்பே, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயத்தில், அந்தக் காவிரியில் பரிசல் கவிழ்ந்து இறந்துபோயிருந்தார். கல்யாணமாகாமல் இறந்தவர்கள் அந்த வீட்டுக்குச் சாமி. வீட்டில் ஒரு நல்ல காரியம் என்றால் முதலில் அவர்களுக்குப் புதுத் துணி எடுத்து, இலை போட்டுப் படைத்து, சம்மதம் கேட்க வேண்டும். இது எங்களுக்குப் புதிதில்லை. எங்கள் வீட்டிலேயே அப்பாவின் தங்கை ஒருவருக்கு அப்படிப் படைப்பது உண்டு. ஆனால் அதை ஆற்றின் நடுவில், படகில், இரண்டு வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டுச் செய்வதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

"ஊட்டுல படைச்சா அவன் வரமாட்டேங்கறானுங்க" என்றாராம் அந்த அம்மா.

சம்மதம் கேட்கும் முறை இதுதான். போட்டோவின் மேல் சட்டத்தில் சந்தனம் வைத்து ஒரு பூவை ஒட்டுவார்கள். சாப்பாடு நடக்கும்போது பூ தானாக விழுந்தால் சம்மதம். மோர் ஊற்றிவிட்டால் இலை முடிந்தது. அதற்குள் விழாவிட்டால் இந்த இடம் வேண்டாம் என்று அர்த்தம். அதுவரை யாரும் பந்தியை விட்டு எழக்கூடாது.

வேனில் போகும்போது சித்தப்பா மெதுவாக ஒன்று சொன்னார். "இதுக்கு முன்னால ரெண்டு பொண்ணு ஊட்டுக்காரங்க இதே படகுல சாப்புட்டுப்போட்டுத் திரும்பிப் போயிருக்காங்களாம். பூ விழுகலையாம்."

"சாப்பாடு மட்டும் பிரமாதமாம்" என்று அவரே சேர்த்துக்கொண்டார். சித்தி அவர் முழங்கையில் ஒரு இடி வைத்தாள். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் கைக்குட்டை சின்னச் சின்னதாக மடிந்து, கடைசியில் மடிக்க முடியாத அளவுக்கு வந்து நின்றது.

படகு நான் நினைத்ததைவிடப் பெரியது. இரும்பு அடிப்பாகம், மேலே தகரக் கூரை, வெயில் மறைக்கும் தார்ப்பாயைச் சுருட்டிக் கூரையோடு கட்டியிருந்தார்கள். இரண்டு பக்கமும் நீளமான பெஞ்சு. ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்ப் பெஞ்சுக்காரர்களைப் பார்த்தபடி உட்கார வேண்டும். சாதாரண நாட்களில் கோயிலுக்கு வந்தவர்களையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, கதவணையையும் நடு ஆற்றுப் பாறைத் திட்டையும் சுற்றிக் காட்டிவிட்டு வரும் படகு. அன்று முழுப் படகையும் மாப்பிள்ளை வீட்டார் பிடித்திருந்தார்கள்.

நான் அதற்கு முன் படகில் போனதில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் போர்வெல்லும் தொட்டியும்தான். கார்த்திகை மாதம், வெயில் உறைக்கவில்லை. கரையில் மஞ்சள் காடு, அதற்குப் பின்னால் மலை. பாறைத் திட்டில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து தண்ணீரைத் தொட்டேன். அம்மா வாயைப் பிளந்துகொண்டு இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் குடும்பம் வேலை தவிர வேறெதற்கும் ஒன்றாக வெளியே போனது அபூர்வம். வந்த காரியத்தைக் கொஞ்ச நேரம் எல்லோரும் மறந்துவிட்டோம்.

நடு ஆற்றுக்கு வந்ததும் படகோட்டி நங்கூரத்தைப் போட்டு எஞ்சினை நிறுத்தினார், இலை அதிராமல் இருக்க. சத்தம் நின்றது. தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படியொரு நிசப்தம் எங்களுக்குப் பழக்கமில்லை. அப்பா காதுக்குள் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார்.

பெஞ்சுகளுக்கு முன்னால் குறுகலான மடக்கு மேசைகளைப் போட்டு இலை விரித்தார்கள். இடப்பக்கம் நாங்கள் ஆறு பேர்: அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அக்கா, நான். வலப்பக்கம் நான்கு பேர்: மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன். அந்தப் பெஞ்சின் முன்கோடியில், பக்கத்தில் ஒரு ஆள் இடத்தைக் காலியாக விட்டு, பதினோராவது இலை. இலைக்குப் பின்னால், பெஞ்சின் மீது புது வேட்டியும் துண்டும் வைத்து, அதன் மேல் போட்டோவைப் பக்கக் கம்பியில் சாய்த்து நிறுத்தினார்கள். அகலக் காலர் சட்டை போட்ட, பருத்த உடம்புள்ள இளைஞர். சிரிக்கவில்லை, சிரிக்கச் சொன்னதற்கு முந்தின நொடியில் எடுத்ததுபோல் இருந்தது. சட்டத்தின் மேல் சந்தனம், அதில் ஒரு நந்தியாவட்டைப் பூ.

"எங்க பெரியவனுங்க" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. குள்ளமான உருவம், மெல்லிய குரல். உள்ளே வந்த ஆளை அறிமுகப்படுத்துவதுபோல்தான் சொன்னார்.

அம்மா கை கூப்பினாள். "வணக்கமுங்க" என்றும் சொல்லிவிட்டாள். அப்பாவும் சொன்னார். சித்தி ஒரு படி மேலே போய், "அவுங்களைச் சாப்புடச் சொல்லுங்க, நாங்க பொறவு ஆரம்பிக்கறோம்" என்றாள். மரியாதை என்று வந்துவிட்டால் எங்கள் ஆட்களுக்கு எதிரில் இருப்பது யார் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

பரிமாற இரண்டு சமையல்காரர்கள் வந்திருந்தார்கள். ஒவ்வொன்றும் முதலில் அந்த இலைக்குப் போனது. பருப்பும் வெல்லமும் வைத்த ஒப்புட்டு, இடியாப்பம்போல் பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, கத்திரிக்காய், அப்பளம், சோறு, கடைந்த பச்சைப்பயறு. நெய் ஊற்றியவர் அங்கே குனிந்து, "போதுங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் நின்றார். பிறகு இன்னொரு கரண்டி ஊற்றினார். அவர் அந்த வீட்டு ஆள்கூட இல்லை, கூலிக்கு வந்தவர்.

சாப்பாடு உண்மையிலேயே பிரமாதம். ஆற்றுக் காற்றுக்குப் பசி வேறு. நான் இரண்டாவது ஒப்புட்டு வாங்கிக்கொண்டேன். சந்தகையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்க டம்ளரை எடுக்கப் போனபோது கை நின்றுவிட்டது.

விளிம்புவரை ஊற்றியிருந்த டம்ளரில், தண்ணீர் ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது; இந்தப் பக்கம் ஒரு விரல் இறங்கியிருந்தது. எங்கள் சோதனைக் கூடத்தில் பம்ப்பை ஏற்றுவதற்கு முன் ரசமட்டம் வைத்து மேடை சமமா என்று பார்ப்போம். வருஷக்கணக்காகப் பார்த்துப் பழகிய கண். ஏறும்போது படகு சமமாக இருந்தது. இப்போது வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஆறு பேர் இந்தப் பக்கம், நான்கு பேர் அந்தப் பக்கம். சமையல் பாத்திரங்கள்கூட எங்கள் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தன. சாய்வதாக இருந்தால் எங்கள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

ரசம் வந்தது. எங்கள் இலைகளில் அது எங்களை விட்டு விலகி ஓடியது. எதிர்ப்பக்கம் அவர்களை நோக்கி ஓடியது. மாப்பிள்ளையின் அப்பா சோற்றைக் கரைபோல் குவித்துத் தடுத்தார். மாப்பிள்ளை இலையின் விளிம்பை இடக்கை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். தாய்மாமனின் வெள்ளை வேட்டியில் ரசம் சொட்டியது. அவர் குனிந்து பார்க்கவில்லை. எங்கள் பக்கம் அப்பா முழங்கையால் மேசையை அழுத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் வாழைப்பழம் உருண்டு போக, அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விருந்துக்கு அழைத்தவர்களிடம் உங்கள் படகு சாய்கிறது என்று எப்படிச் சொல்வது என்று எங்கள் பக்கமும், விருந்தாளிகள் பயந்துவிடக்கூடாது என்று அந்தப் பக்கமும், கழுத்தை நேராக வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்க, ரசம் எப்பிடி இருக்குதுங்க?" என்றார் தாய்மாமன்.

"அருமைங்க" என்றார் அப்பா. "இலையிலதான் நிக்க மாட்டேங்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள், தேவைக்கு மேல் கொஞ்சம் நேரம். சிரிப்பு நின்றதும் மறுபடி அந்த நிசப்தம். படகின் வெளியே தண்ணீர் இரும்பை நக்கும் சத்தம் வலப்பக்கத்தில் மட்டும் கேட்டது.

எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. அடித்தளத்தில் ஓட்டை. உள்ளே புகுந்த தண்ணீர் சாய்ந்த பக்கமாகவே ஓடிச் சேரும். சேரச் சேரச் சாய்வு கூடும். ஒரு அளவுக்கு மேல் போனால் யாரும் நிறுத்த முடியாது. எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. இன்னொரு பக்கம், மோர் வருவதற்குள் நான் எழுந்தால் பந்தி கெட்டது. பெண் வீட்டுக்காரி ஒருத்தியால் கெட்டது என்று ஆகும். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் ரசம் சோற்றைத் தொடவே இல்லை. எதிரே அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்தேன்.

"உக்காரு புள்ள" என்று அம்மா பல்லுக்கிடையில் சொல்லிப் புடவையைப் பிடித்தாள். அவள் விரல்களை விலக்கிவிட்டுப் பின்பக்கம் போனேன். சரிந்த தரையில் நடப்பது, யாரோ மெதுவாக வலப்பக்கம் இழுப்பதுபோல் இருந்தது.

"மோட்டாருக் கம்பெனி அம்மணி எஞ்சினுக்கு டெஸ்ட்டு வெக்கப் போறாங்க போல" என்றார் தாய்மாமன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

படகோட்டி ஒரு எண்ணெய் டின் மேல் உட்கார்ந்திருந்தார். தரை மூடியைத் திறக்கச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. இரும்பு மூடியைத் தூக்கி, டார்ச்சை என் கையில் கொடுத்தார். மண்டியிட்டு உள்ளே பார்த்தேன். வலப்பக்கம், இடப்பக்கம், நடுவில். துரு, எண்ணெய்க் கறை, ஒரு பழைய துணி. தண்ணீர் இல்லை. விரலால் தடவினேன். தூசி ஒட்டியது.

"காஞ்சுதானுங்க கெடக்குது" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "போன ரெண்டு தடவையும் இப்பிடித்தானுங்க அம்மணி. சும்மா சவாரிக்கு வாரப்ப எத்தனை பேரு ஏறுனாலும் சாயாதுங்க. இவுங்க இலை போட்டாத்தான். கரைக்குப் போனாச் செரியாயிருமுங்க."

தண்ணீர் இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் தெரியவில்லை. "பயந்துக்காதீங்க கண்ணு" என்றார். "அவன் கனத்த ஆளு. வந்து உக்காந்தான்னா அப்பிடித்தான்."

அப்படிச் சொன்னவர் தயிர்ப் பச்சடியைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

எழுந்த இலையில் மறுபடி உட்காரும் வழக்கம் இல்லை. பெஞ்சின் கோடியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றதால் எல்லாம் தெரிந்தது. ரசம் முடிந்துவிட்டது. சமையல்காரர் மோர்க் குண்டாவுடன் வந்து, "ஊத்தலாமுங்களா?" என்றார்.

"சித்தெ இருங்க" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பூ அசையவில்லை. அப்போதுதான் எனக்கு அது புரிந்தது. படகு வலப்பக்கம் சாய்ந்திருக்கும்வரை போட்டோவும் பின்னுக்குச் சாய்ந்தேதான் இருக்கும். பூ சட்டத்தின் மேல் சுகமாகப் படுத்துக்கிடக்கும். எப்படி விழும்? போன இரண்டு பெண்களுக்கும் இதேதான் நடந்திருக்க வேண்டும். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, படகு ஏன் சாய்கிறது என்பது. அதற்கு அந்த அம்மா சொன்னதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

மாப்பிள்ளை அன்று முதல் தடவையாக அக்காவை நேராகப் பார்த்தார். மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது.

அந்த அம்மாவின் கண்கள் கலங்கியிருந்தன. அவருக்கும் இந்த இடம் வேண்டும் என்று அப்போது தெரிந்தது. சமையல்காரரைப் பார்த்து, "செரி..." என்று ஆரம்பித்தார்.

அக்கா எழுந்தாள்.

எச்சில் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, இரண்டு மேசைகளுக்கும் நடுவே நடந்து, எதிர்ப் பெஞ்சின் கோடிக்குப் போனாள். போட்டோவுக்குப் பக்கத்தில் விட்டிருந்த காலி இடத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது, இடக்கையால் புடவையைத் தன் பக்கம் இழுத்து ஒடுக்கிக்கொண்டாள். பஸ்ஸில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் மேல் இடிக்காமல் உட்கார்வோமே, அப்படி. பிறகு அந்தப் பக்கம் தலையைத் திருப்பி, பள்ளிக்கூடத்தில் மெதுவாகச் சாப்பிடும் பிள்ளையிடம் சொல்லும் அதே குரலில் சொன்னாள்:

"நேரமாச்சுங்கல்ல. எல்லாரும் உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கறாங்க."

இப்போது அந்தப் பக்கம் ஒரு ஆள் எடை கூடியிருக்கிறது. இன்னும் சாய வேண்டும். கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

படகு நிமிர்ந்தது. குலுக்கல் இல்லை, ஆட்டம் இல்லை. கயிற்றுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போனால் அந்தப் பக்கம் மெல்ல உயருமே, அப்படி உயர்ந்தது. டம்ளர்களில் தண்ணீர் சமமாயிற்று. இலைகளில் ரசம் திரும்பி வந்து நின்றது. கம்பியில் சாய்ந்திருந்த போட்டோ முன்னுக்கு வந்தது. பூ சட்டத்திலிருந்து கழன்று, யாரும் தொடாத சோற்றின் மேல் விழுந்தது.

பாறைத் திட்டிலிருந்து நீர்க்காகம் ஒன்று எழும்பிப் போனது.

"எந்திரிச்சுப்போட்டானா" என்று அந்த அம்மா யாரிடமும் இல்லாமல் கேட்டார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மோரு ஊத்துங்க" என்றார்.

கரைக்குத் திரும்பும்போது எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள், எஞ்சின் சத்தத்துக்கு மேலே. அப்பாவும் தாய்மாமனும் மண்டபம் பற்றி ஆரம்பித்துவிட்டார்கள். நான் பின்பக்கம் தனியாக நின்றிருந்தேன். மாப்பிள்ளை இலைத் துண்டில் ஒரு ஒப்புட்டு வைத்து எடுத்து வந்தார்.

"நீங்க பாதியில எந்திரிச்சுட்டீங்க. இதையாச்சும் சாப்புடுங்க."

"மன்னிச்சுக்குங்க. படகுக்குள்ள தண்ணி வருதோன்னு..."

"நல்லதுதானுங்க பண்ணுனீங்க. எங்கள்ல ஒருத்தருக்கும் எந்திரிக்கத் தோணலை." பக்கத்தில் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு நீந்தத் தெரியுமுங்களா?"

"தெரியாதுங்க."

"எனக்குந் தெரியாதுங்க. அன்னிக்குப் பரிசல்ல நானும் இருந்தேன். நீந்தத் தெரியாதவங்க எல்லாம் பரிசலைப் புடிச்சுக்கிட்டுக் கரை சேந்துட்டோம்." தண்ணீரைப் பார்த்தார். "எங்கள்ல நீந்தத் தெரிஞ்சது அண்ணன் ஒருத்தருக்குத்தான். எடம் பத்தாதுன்னு அவரு புடிக்கலை."

அந்த ஒப்புட்டு இன்னும் சூடாக இருந்ததா ஆறிவிட்டிருந்ததா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சாப்பிட்டேன் என்பது மட்டும் தெரியும்.

வேனில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டாள். மற்றவர்கள் தூங்கியபின் மெதுவாகக் கேட்டேன். "எதுக்கு அங்க போய் உக்காந்த? யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம்?"

"அந்தக் கடைசில யாருமே பக்கத்துல இல்ல. இடத்தை விட்டுட்டு எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காந்திருந்தாங்க. தனியா சாப்புடற மாதிரி இருந்துச்சு." கண்ணை மூடிக்கொண்டாள். "பாவமா இருந்துச்சு புள்ள."

"போட்டோதானே?"

தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். சோமனூர் வரப்போகும்போது, "எடஞ்சலா இருந்துச்சு" என்றாள். "உக்கார எடமே இல்ல."

அதன் பிறகு எனக்குத் தெரிந்த காரணங்களை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டேன். காற்று தள்ளியிருக்கலாம் என்றால், தார்ப்பாய் சுருட்டிக் கட்டியிருந்தது, இலை நுனிகூட ஆடவில்லை. நங்கூரக் கயிறு இழுத்திருக்கலாம் என்றால், அது தொய்ந்து கிடந்ததை நான் பார்த்தேன். டீசல் டேங்க் வலப்பக்கம் இருந்தது உண்மை. ஆனால் நாங்கள் ஏறும்போதும் அது அங்கேதான் இருந்தது. கதவணையில் மதகைத் திறந்து நீரோட்டம் மாறியிருக்கலாம். இது ஒன்றுதான் என்னால் முழுதாகத் தள்ள முடியாதது. அப்படியானால் எங்கள் சாப்பாட்டுக்கும், அதற்கு முந்தின இரண்டு சாப்பாட்டுக்கும், இலை போட்ட நேரம் பார்த்து மதகைத் திறந்திருக்க வேண்டும். அக்கா உட்கார்ந்த நேரம் பார்த்து மூடியிருக்க வேண்டும்.

கம்பெனியில் எங்கள் பிரிவின் பெரிய இன்ஜினியரிடம் படம் போட்டு, எடைகளைக் குறித்துக் கேட்டேன். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று காட்டினேன். அவர் பென்சிலால் கணக்குப் போட்டுவிட்டு, "இந்தக் கோடியில ஒரு ஆளை விட்டுட்டீங்கம்மா, கனமான ஆளு" என்றார். நான் படத்தை மடித்து வைத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்யாணம் முடிந்தது. அக்கா ஈரோட்டில் இருக்கிறாள், அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். சந்தோஷமாக இருக்கிறாள், இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை, பார்த்ததைத்தான் எழுதுகிறேன். அவர்கள் இப்போது வீட்டிலேயே படைக்கிறார்கள். பெரிய மகன் வருகிறார் என்று அவள் மாமியார் சொல்கிறார். நான் போனால் அக்கா எனக்குச் சாப்பாடு போடுவது ஹாலில் இருக்கும் நீளப் பெஞ்சில். அதன் ஒரு கோடியில் யாரும் உட்கார்வதில்லை, நானும் உட்கார்வதில்லை. படகு இன்னும் ஓடுகிறது. அது ஏன் சாய்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.